எருமைக்கு மட்டும்

எனக்கு எண்பத்தெட்டு வயது. பெற்றது ஏழு, வளர்த்தது ஒன்பது. அதிகப்படியான இரண்டும் என் ஓரகத்தி விட்டுப்போன பிள்ளைகள். எது யாருடையது என்று இன்றைக்கு யாராவது கேட்டால் நானே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஒன்பதில் ஒன்றுகூட என்னைத் தலைகுனிய வைத்ததில்லை. இதை முதலில் எழுதிக்கொள், கண்ணு. மற்றதெல்லாம் பிறகு.

நான் சொல்லப்போவது பஸ் ஓட்டிய ஒருவரைப் பற்றி. மலாயாவில், பகாவிலிருந்து சிரம்பானுக்குப் போய்வந்த பஸ். அவர் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்று அப்போது தோன்றவுமில்லை. எல்லோருக்கும் அவர் அண்ணன். எனக்கு அண்ணன், என் மாமியாருக்கு அண்ணன், மாமியாரைப் பெற்ற கிழவிக்கும் அண்ணன். ஆள் நல்ல உயரம், நல்ல அகலம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தால், பஸ்ஸை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டது போலத் தெரியும்.

அது வெள்ளைக்காரன் ஆட்சியில் வந்த அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளம், இரண்டுக்கும் நடுவில் நாங்கள். எங்கள் ரப்பர் தோட்டத்தில் வரிசையாக இருந்த லயத்து வீடுகளைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் முள்கம்பி கட்டியிருந்தார்கள். போக வர ஒரே ஒரு கேட்டு. அங்கே துப்பாக்கியோடு ஒரு மலாய்க்காரக் கான்ஸ்டபிள், பெண்களின் மடியைத் தடவிப் பார்க்க ஒரு பெண். காட்டுக்காரர்களுக்கு அரிசி போய்ச் சேரக் கூடாது என்று அவ்வளவு கெடுபிடி. ரோட்டோரத்தில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கவும் கூடாது. நின்றால், யாருக்குச் சோறு கொடுக்க நிற்கிறாய் என்று கேட்பார்கள். பஸ்ஸும் சொன்ன நேரத்துக்கு வராது. வழியில் எத்தனை இடத்தில் நிறுத்திச் சோதித்தார்களோ அத்தனை தாமதம். அப்படியானால், கம்பிக்குள் இருக்கிற எங்களுக்குப் பஸ் வருவது எப்படித் தெரியும்?

அண்ணன் கூப்பிடுவார்.

அவர் கைக்கு எட்டுகிற இடத்தில், பஸ்ஸின் வெளிப்பக்கமாக, ஒரு பித்தளைக் குழல் இருந்தது. அதன் அடியில் தேங்காய் அளவுக்குக் கறுப்பு ரப்பர் பந்து. மற்ற டிரைவர் அமுக்கினால் சத்தம் வரும். அண்ணன் அமுக்கினால் பேச்சு வரும். எங்கள் தோட்டத்துக்கு, பொப், பொப், போ...ம். அடுத்த தோட்டத்துக்கு நீளமாக இரண்டு. தோட்டத்துக் கணக்கெழுதும் எங்கள் கிராணியின் மனைவிக்கு மட்டும் தனிக் கூப்பாடு. குடை விரிவது போல மெல்லத் தொடங்கி அகலமாக முடியும். அந்த அம்மாள் குடையில்லாமல் வாசற்படி இறங்கமாட்டார். ரப்பர் மரத்துக்கு மேலாக அந்தச் சத்தம் வந்ததும் நாங்கள் முகத்தைக் கழுவி, பொட்டு வைத்து, கேட்டுக்கு ஓடிச் சோதனை முடித்து நிற்கவும், பஸ் முனை திரும்பி வந்து நிற்கவும் சரியாக இருக்கும்.

அவர் வாயில் எப்போதும் வெற்றிலை. விடியுமுன் போட்ட வெற்றிலையோடுதான் பஸ்ஸில் ஏறுவார், பகாவுக்குத் திரும்பிய பிறகுதான் துப்புவார். ஆகவே யாருக்கும் வாயால் பதில் கிடையாது.

“அண்ணே, வண்டி இப்பக் கெளம்புமா?”

பொப். ஆமாம்.

“பசாருக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துரட்டாண்ணே?”

பொப் பொப். வேண்டாம்.

“ரெண்டே நிமிசம்லா, அண்ணே!”

பொப் பொப் பொப் பொப் பொப். இதற்கு அர்த்தம் கேட்டவளுக்கு மட்டும்தான் புரியும். அவள் பேசாமல் ஏறி உட்காருவாள்.

எங்கள் லயத்தில் ஒருவன் சம்சு குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிப்பான். அது அண்ணன் காதுக்குப் போனது. மறுநாளிலிருந்து அவன் ரோட்டில் எங்கே தென்பட்டாலும் கழுதைக்குச் சளி பிடித்தது போல ஒரு சத்தம். பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து சன்னல் வழியாக அவனைப் பார்ப்பார்கள். மூன்றாவது வாரம், பஸ் வரும் திசையில் தூசி எழுந்தாலே அவன் மரத்துக்குப் பின்னால் போய் நின்றான். அடி நின்றதா என்று கேட்டால், குறைந்தது. ஒரு ஹாரனால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

என் தலைச்சன் பிறந்த அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வலி எடுத்து என்னை அந்தப் பஸ்ஸில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நிறைய ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கத்தக் கூடாது என்று சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த வயதிலேயே ரோசம் அதிகம். ஒரு கட்டத்தில் முடியவில்லை, வாய் திறந்துவிட்டது. அதே நொடியில் ஹாரன் அலறியது. நான் நிறுத்தினேன், அதுவும் நின்றது. மறுபடி நான், மறுபடி அது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அமுக்கினார் போலிருக்கிறது. ஆஸ்பத்திரி வாசல்வரை என் சத்தத்தை ஓர் ஆள்கூடக் கேட்கவில்லை. ரோட்டில் இருந்தவர்களெல்லாம் பெரிய அதிகாரி யாரோ வருகிறார் என்று ஒதுங்கி நின்றார்களாம். என் மகன் அப்படித்தான் இந்த உலகத்துக்கு வந்தான்.

ஒரு கூப்பாட்டுக்கு மட்டும் எங்கள் யாருக்கும் அர்த்தம் தெரியாது. கோல பிலாவைத் தாண்டி, மலை ஏறுவதற்கு முன்னால் ஒரு வளைவு. ஒரு பக்கம் அடர்ந்த காடு, மறுபக்கம் மரங்களுக்குப் பின்னால் எங்கேயோ வயல். வீடு கிடையாது, மனிதர் கிடையாது. அங்கே வந்ததும் வேகத்தைக் குறைத்து நீளமாக, மரியாதையாக, பெருமூச்சு விடுவது போல ஒரு போ...ஓ...ஓம். பிறகு சின்னதாக மூன்று. தினமும். போகும்போதும் வரும்போதும்.

“யாருண்ணே அங்க?” என்று கேட்டால் பொப் பொப் என்பார். யாருமில்லை.

யாருமில்லாத இடத்தில் யாராவது அப்படிக் கூப்பிடுவார்களா? என் பக்கத்து வீட்டு அஞ்சலைதான் கண்டுபிடித்தாள்.

“முனிடி. வளைவு முனி. உத்தரவு வாங்கிட்டுத்தான் அண்ணன் மலை ஏறுறாரு. இத்தன நாளு நம்ம பஸ்ஸ மட்டும் ஏன் ஒருத்தனும் கொளுத்தல, யோசிச்சுப் பாரு.”

யோசித்துப் பார்த்தோம். சரியாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து அந்த வளைவில் ஹாரன் ஊதினால் பஸ்ஸில் இருக்கிற பெண்கள் எல்லோரும் கும்பிடுவோம். அஞ்சலை முடிந்துவைத்த திருநீற்றை எடுத்து எல்லோர் நெற்றியிலும் இழுத்துவிடுவாள். சீனக் கிழவி ஒருத்தி கீரைக் கூடையோடு வருவாள், அவளும் நெற்றியை நீட்டுவாள்.

அந்தப் பஸ் ஒரு சீனத் தவுக்கேயுடையது. முதலாளி என்று பெயர்தான், டயர் கழற்றுவதும் அவரே, பஸ்ஸைக் கழுவுவதும் அவரே. அவருடைய இன்னொரு பஸ்ஸை மலையடிவாரத்தில் காட்டுக்காரர்கள் நிறுத்தி, ஆட்களை இறக்கிவிட்டுக் கொளுத்தினார்கள். அதோடு அவருக்கு மனம் விட்டுப்போனது. இருந்ததைக் கோலாலம்பூரில் ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்.

ஒரு வாரம் பஸ் வரவில்லை. பிறகு வந்தது பார், எங்களுக்கு அடையாளமே தெரியவில்லை. உடம்பெல்லாம் பச்சைப் பெயிண்டு. சன்னலுக்கு மேலே பலகை பலகையாக எழுத்து. அதைப் படித்துச் சொல்வதற்கென்றே கம்பெனி ஒரு செக்கரை அனுப்பியிருந்தது. தமிழர்தான், பட்டணத்துத் தமிழர். முழங்கால்வரை வெள்ளைக் காலுறை, காதில் பென்சில், கையில் நோட்டு. கோழி கொண்டுவரக் கூடாது என்றார். நின்றுகொண்டு வரக் கூடாது, மீன் கூடை கூடாது, சன்னல் வழியாகப் பிள்ளையைக் கொடுத்து இடம் பிடிக்கக் கூடாது. ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல அஞ்சலை என் காதில் சொன்னாள்: “மூச்சு விடலாமான்னு கேளுடி.”

அண்ணனுக்குக் காக்கிச் சட்டை, நெஞ்சில் நம்பர், தலையில் தொப்பி. அந்தத் தலைக்கு ஏற்ற தொப்பி கம்பெனியில் இல்லை. உச்சியில் ரசக் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல அது உட்கார்ந்திருந்தது. வெற்றிலை கூடாது என்றார்கள், விட்டுவிட்டார். வேலை வேண்டுமே. ஆனால் வாய் காலியான பிறகும் அவர் பேசவில்லை. அதுதான் எங்களுக்கு ஆச்சரியம்.

புதிதாக மின்சார ஹாரன் பொருத்தினார்கள். பித்தானை அமுக்கினால் ‘பேங்’ என்று ஒரே ஒரு சத்தம். தகரத் தட்டைத் தரையில் போட்டது போல. அதையும் ஆபத்துக்கு மட்டும்தான் அமுக்க வேண்டுமாம். ரப்பர் ஹாரனைக் கழற்றிவிடு என்றார்கள். அண்ணன் தலையாட்டினார். கழற்றவில்லை.

செக்கர் அவர் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு தடவை ஹாரன் ஊதும்போதும் நோட்டில் கோடு போட்டார். இந்தத் தோட்டத்தில் இத்தனை, அந்தத் தோட்டத்தில் இத்தனை. கடைசியில் அந்த வளைவு வந்தது. போ...ஓ...ஓம். சின்னதாக மூன்று.

“இங்க யாரைக் கூப்பிடுறே?” என்றார் செக்கர்.

பொப் பொப் என்றது ஹாரன்.

செக்கர் காட்டைப் பார்த்தார். நாங்கள் காட்டைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்ததையும் பார்த்தார். நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் பிலா சந்தைக்குப் போகக் கேட்டில் நின்றோம். பஸ் வந்து நின்றதும் பின்னாலேயே ஒரு ஜீப் வந்து நின்றது. வெள்ளைக்காரப் போலீஸ் துரை ஒருவர், இரண்டு மலாய்க்காரக் கான்ஸ்டபிள்கள், செக்கர். துரை இளவயது. வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. அண்ணனைக் கீழே இறக்கினார்கள். துரைக்குத் தமிழ் தெரியாது என்று எங்கள் கிராணியைக் கூப்பிட்டார்கள். அவர் பனியனோடு ஓடிவந்தார்.

“காட்டுக்காரங்களுக்குச் சிக்னல் குடுத்தியான்னு துரை கேக்குறாருப்பா,” என்றார் கிராணி.

அண்ணன் வாயைத் திறக்கவில்லை. கை மட்டும் எழும்பி, காற்றில் ஒரு தடவை அமுக்கியது. இரண்டாவது அமுக்குக்குள் கான்ஸ்டபிள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

துரை கிராணியைப் பார்த்தார். கிராணி நெற்றியைத் துடைத்துக்கொண்டு இங்கிலீசில் ஒரு வார்த்தை சொன்னார். துரையின் முகம் மாறியது. அண்ணன் கையில் விலங்கு விழுந்தது.

“என்னங்கய்யா சொன்னீங்க?” என்று நான் கிராணியைப் பிடித்துக்கொண்டேன்.

“ஆமாங்கிறார்னு சொன்னேம்மா. ஒண்ணு அமுக்குனா ஆமாந்தானே?”

“அவரு ரெண்டு அமுக்க வந்தாருய்யா!”

“அலமாக்!” என்று கிராணி தலையில் கை வைத்தார். திரும்பி, இன்னொரு அமுக்கு பாக்கியிருக்கிறது என்று துரைக்கு விளங்கவைக்கப் பார்த்தார். ஹாரன் பாஷைக்கு இங்கிலீசில் வார்த்தை எங்கே இருக்கிறது? அவர் காற்றை அமுக்கிக் காட்டக் காட்ட, இவனும் அந்தக் கூட்டத்து ஆளோ என்று துரை ஓர் அடி பின்னால் போனார். கிராணி கையைக் கீழே போட்டுவிட்டார்.

அந்தக் காலத்தில் காட்டுக்காரர்களுக்கு உதவினான் என்று பெயர் வந்தால் முகாமில் அடைப்பார்கள். அல்லது கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். அண்ணன் பிறந்ததே இங்கே, ரந்தாவில். அவரை எந்த ஊருக்கு அனுப்புவார்கள்? அங்கே இறங்கி அவர் யாரைக் கூப்பிடுவார்?

செக்கர் ரப்பர் ஹாரனைத் திருகிக் கழற்றி, பழைய செய்தித்தாளில் சுற்றி, சணல் கயிறு கட்டிச் சாட்சிப் பொருளாக மடியில் வைத்துக்கொண்டார். அந்த வளைவைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று துரையும் பஸ்ஸிலேயே ஏறினார். கம்பெனி அனுப்பிய புது டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். அண்ணன் கான்ஸ்டபிள்களுக்கு நடுவில். கிராணியை விடவில்லை, பனியனோடு அவரும். நானும் அஞ்சலையும் ஏறினோம். அவள் கூடையில் துணிக்கு அடியில் ஒரு பெட்டைக்கோழி இருந்தது, அது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

எல்லோரும் அண்ணனின் விலங்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது. செக்கரின் மடியில் இருந்த பொட்டலம், பொப் என்றது.

“சரிங்கண்ணே,” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி, பழக்க தோசத்தில்.

அடுத்த குழி. பொப் பொப். செக்கர் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்தார். இறுக்கினால் அது இன்னும் சத்தமாகப் பேசியது. தளர்த்தினால் உருண்டது. ரோடு முழுக்கக் குழி. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அஞ்சலையின் தோள் குலுங்கியது, என் தோளும் குலுங்கியது. அழுகிறோம் என்று நினைத்துச் சீனக் கிழவி எங்கள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

வழியில் எந்தத் தோட்டத்திலும் கூப்பாடு இல்லை. கூப்பாடு இல்லாததால் கேட்டில் ஒருவரும் இல்லை. புது டிரைவர் நிற்காமல் போனார். பஸ் தாண்டிய பிறகு ஆட்கள் அலறிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்கள். கூடையைத் தலையில் வைத்து ஒருத்தி, பாதி மழித்த முகத்தோடு ஒரு மண்டோர், கூலிகளை மேய்க்கிற ஆள். அவர் மனைவி செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். துரை பின்சன்னலில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, இவர்களெல்லாம் யார் என்று கேட்டார்.

“இவங்களத்தான் அவரு கூப்புட்றது துரை,” என்று கிராணி சொன்னார்.

“அது சும்மா மறைப்பு, துரை. அந்த வளைவுக்கு வாங்க,” என்றார் செக்கர்.

பிலா வந்தது. சந்தை வந்தது. நாங்கள் இறங்கவில்லை.

வளைவு வந்தது. பஸ் திரும்பியது. நடுரோட்டில், குறுக்காக, கறுப்பாக, பெரிதாக என்னவோ கிடந்தது.

ரோட்டில் எதையாவது போட்டு வண்டியை நிறுத்தித்தான் காட்டுக்காரர்கள் சுடுவார்கள் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். துரை ஏதோ கத்தினார். மொழி தெரியாமலே எல்லோருக்கும் புரிந்தது. அத்தனை பேரும் உட்காரும் பலகைக்கு அடியில். கான்ஸ்டபிள்கள் குதித்து ரோட்டோரக் கால்வாயில் படுத்துவிட்டார்கள். செக்கர் எங்கள் பலகைக்கு அடியில்தான் வந்தார், முகத்தை நேராக அஞ்சலையின் கூடைக்குள் வைத்துக்கொண்டு. கோழி அவர் காதைக் கொத்தியது. “சுட்டுட்டாங்க! சுட்டுட்டாங்க!” என்று அவர் கத்தினார்.

ஒரு குண்டும் வரவில்லை. பிறகு ரோட்டில் கிடந்த அந்தக் கறுப்பு, காதை ஒரு தடவை ஆட்டியது.

“ஏண்டி,” என்றாள் அஞ்சலை, “அது எருமடி.”

எருமைதான். நாங்கள் அதுவரை பார்த்ததே இல்லை. எப்படிப் பார்ப்போம்? அண்ணன் வளைவுக்கு முன்னாலேயே கூப்பிட்டுவிடுவார். பஸ் திரும்புவதற்குள் அது எழுந்து வயலுக்குள் இறங்கிப் போயிருக்கும்.

“அடிப் பாவி, இத்தன நாளா எருமைக்கா என்னைக் கும்பிட வச்சே?” என்று கேட்டேன்.

“பலன் குடுத்துச்சா இல்லியா?” என்றாள் அவள், நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

புது டிரைவர் மின்சார ஹாரனை அமுக்கினார். பேங். எருமை திரும்பியும் பார்க்கவில்லை. பேங், பேங், பேங். கண்ணை மூடிக்கொண்டது. ஒரு கான்ஸ்டபிள் கொம்பைப் பிடித்து இழுத்தான், மற்றவன் பின்னாலிருந்து தள்ளினான். துரை வானத்தை நோக்கி ஒரு வெடி வெடித்தார். வெடிச் சத்தத்துக்கு நாங்கள்தான் மறுபடி படுத்தோம், எருமை ஏற்கெனவே படுத்திருந்தது. ஒரு பக்கம் காடு. முந்தின பஸ்ஸை எரித்த இடம் கூப்பிடு தூரம்தான். துரையின் உரிந்த மூக்கில் வேர்வை சொட்டியது. விளையாட்டில்லை, அங்கே நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து.

அப்போதுதான் யாரோ சின்னப்பெண் பேசியது போல ஒரு குரல் கேட்டது.

“அதக் கொஞ்சம் குடுங்க.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அண்ணன். விலங்குக் கையால் செய்தித்தாள் பொட்டலத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த உடம்புக்குள்ளிருந்து, ஆறு வயதுக் குழந்தையின் குரல். மெல்லிசாக, கீச்சென்று. வாய் நிறைய வெற்றிலை எதற்கு என்று அந்த நிமிடம்தான் விளங்கியது. இந்தக் குரலை வெளியே விடக் கூடாது என்று கப்பலேறிப் போகவும் துணிந்து உட்கார்ந்திருந்தாரே அந்த மனிதர்! இப்போது எங்களுக்கு ஆபத்து என்றதும் விட்டுவிட்டார். பஸ்ஸில் ஒருவரும் சிரிக்கவில்லை. அஞ்சலைகூட. பிறகும் அந்தக் குரலைப் பற்றி எங்களுக்குள் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றைக்குத்தான் நான் சொல்கிறேன்.

துரையே கயிற்றை அவிழ்த்தார். விலங்கு போட்ட கையால் குழலையும் பந்தையும் சேர்த்துப் பிடிக்க முடியவில்லை. துரை குழலைப் பிடித்துக்கொண்டார், அண்ணன் பந்தை அமுக்கினார். போ...ஓ...ஓம். சின்னதாக மூன்று.

எருமை கண்ணைத் திறந்தது. முதலில் பின்பக்கத்தைத் தூக்கியது. பிறகு முன்பக்கம். நல்ல குடும்பத்துப் பெண் பந்தியிலிருந்து எழுந்திருப்பது போல நிதானமாக எழுந்து, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மரங்களுக்கு நடுவே இறங்கி வயலுக்குப் போய்விட்டது.

“கெர்பாவ் கெனால் டியா, துவான்,” என்றான் கால்வாயிலிருந்து ஏறிய கான்ஸ்டபிள். எருமைக்கு இவரைத் தெரியும் துரை என்று.

துரை குழலைப் பிடித்தபடியே நின்றார். அவர் தோள் குலுங்கியது. பிறகு பஸ் படியில் உட்கார்ந்து தொப்பியை எடுத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். விலங்கு கழன்றது. காட்டுக்காரர் விவகாரம் அதோடு முடிந்தது.

கம்பெனி விவகாரம் முடியவில்லை. செக்கர் மேலே எழுதினார். துரையும் எழுதினாராம். இரண்டுக்கும் நடுவில் கம்பெனி மானேஜர் ஒரு தாள் அடித்து அனுப்பினார். அண்ணன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பஸ்ஸில் தன் தலைக்கு மேலே மாட்டிக்கொண்டார். கிராணி படித்துச் சொன்னார்: இந்த வண்டியில் ரப்பர் ஹாரனை எருமைக்கு மட்டும் உபயோகிக்கலாம்.

“வேற ஒரு உயிருக்கு ஊதுனா,” என்றார் செக்கர், எல்லோர் காதிலும் விழும்படி, “அன்னைக்கே தொப்பியக் கழட்டி வாங்கிருவேன். அப்புறம் இந்த ரோட்டுல எந்தப் பஸ்ஸையும் தொட முடியாது.”

சொல்லிவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரும் பஸ்ஸில் வந்தார். நாங்கள் லயத்துக்குள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். ஊதமாட்டார் என்றாள் அஞ்சலை. என் மாமியாரும் அதையே சொன்னார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது, எங்களுக்காக எதற்கு ஊத வேண்டும்?

பொப், பொப், போ...ம்.

ஓடினோம். சோதனை முடிந்து நாங்கள் வரிசையாக நிற்கவும் பஸ் வந்து நின்றது. செக்கர் படியிலிருந்து குதித்தார்.

“யாரைக் கூப்பிட்டே இப்ப? இங்க எருமை எங்க இருக்கு? காட்டு!”

அண்ணன் எங்களைப் பார்த்தார். எல்லோரும் வந்துவிட்டார்களா என்று எண்ணுவது போல ஒரு பார்வை. பிறகு கையை உயர்த்தித் தொப்பியைத் தொட்டார். கழற்றப்போகிறார்.

நான் யார் முன்னாலும் குனிந்து பேசினவள் இல்லை, கண்ணு. கங்காணி ஒரு நாள் விடிகாலை ஆள் எண்ணும் பெரட்டில் என்னை ‘ஏய்’ என்று கூப்பிட்டதற்கு வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியவள். கோபத்தில்கூட உன் பாட்டன் என்னை மாடு, எருமை என்று சொன்னதில்லை. சொல்லிவிட்டுச் சோறு தின்ன முடியாது. அப்படிப்பட்டவள், தலைச்சனை இடுப்பில் வைத்துக்கொண்டு, புதுச்சேலையோடு, ஓர் அடி முன்னால் வந்தேன்.

“என்னத்தான் கூப்பிட்டாரு.”

“நீ யாரும்மா?” என்றார் செக்கர்.

“எரும.”

அவருக்குப் புரியவில்லை. “என்னது?”

“எருமைங்க. நாந்தான் அந்த எரும. பாத்தாத் தெரியல?”

“நானும் எருமதான்,” என்று அஞ்சலை என் பக்கத்தில் வந்தாள். “அவளவிடக் கொஞ்சம் கறுப்பு.”

“நான் கெழட்டெரும,” என்றார் என் மாமியார். “பாத்து ஏத்தணும், முட்டிருவேன்.”

பிறகு வரிசை முழுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் எருமை, என் தங்கச்சி எருமை, இது எருமைக்கன்று. மடியைத் தடவுகிற பெண் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். கேட்டுக் கான்ஸ்டபிளுக்குத் தமிழ் பாதிதான் தெரியும், ஆனாலும் துப்பாக்கியைத் தோளில் மாற்றிக்கொண்டு, “சாயா பூன், கெர்பாவ்லா,” என்றான், நானும் எருமைதான் என்று. கடைசியில் கிராணியின் மனைவி. அந்த அம்மாள் குடையை மெல்ல மடக்கினார். வெயில் அவர் முகத்தில் பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தோம். “நானும்தான்,” என்றார். அந்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. நாங்கள் சேர்த்துக்கொண்டோம்.

செக்கர் பஸ்ஸில் ஏறி, கண்ணாடிக்குள் இருந்த தாளை அண்ணாந்து படித்தார். இரண்டு தடவை படித்தார். எருமைக்கு எத்தனை கால் இருக்க வேண்டும் என்று கம்பெனி எழுதவில்லை. எந்த ஊர் எருமை என்றும் எழுதவில்லை. அவர் உதடு துடித்தது. கோபமோ என்று பார்த்தேன். சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். கழுத்து சிவந்து முதுகு ஆடியது.

அண்ணன் கையைத் தொப்பியிலிருந்து எடுத்தார். எங்களைப் பார்க்கவில்லை, நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் வேர்வை போல ஏதோ இறங்கியது. நாங்கள் ஒவ்வொருவராக ஏறினோம். மாமியார் கடைசியாக, முட்டாமல் ஏறினார்.

அடுத்த தோட்டத்துக்கு நீளமாக இரண்டு ஊதினார். அங்கேயும் எருமைகள் தயாராக நின்றன. செய்தி அதற்குள் எப்படிப் போனதோ தெரியாது. மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து கம்பிகளை அவிழ்த்த பிறகும் இந்த ரோட்டில் நாங்கள் எருமைகளாகத்தான் பஸ் ஏறினோம். அண்ணன் கடைசியில் சிரம்பான் பக்கம் அம்பாங்கானில் மகளோடு இருந்தார் என்று கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

சரி கண்ணு, எழுதினதை ஆரம்பத்திலிருந்து ஒரு தடவை படித்துக் காட்டு. நான் எருமை என்று சொல்கிற இடத்தில் என் முகத்தைப் பார்த்துத் தயங்காதே. நிமிர்ந்து உட்கார், சத்தமாகப் படி. அந்தச் சன்னலையும் திறந்துவிடு, தெருவில் போகிறவர்களும் கேட்கட்டும்.